சென்சார் காட்டும் சுகர் அளவில் சந்தேகமா? அறிகுறி வாரியாக என்ன பார்க்கலாம்

சென்சார் ஒன்று சொல்லும், விரலில் குத்திப் பார்த்தால் வேறு ஒன்று வரும். தொடர்ந்து சர்க்கரை அளவு காட்டும் சென்சாரைக் கையில் ஒட்டிக்கொண்டிருக்கிற எந்த வீட்டிலும் இது நடக்கும். என் மகளுக்கு டைப் 1, மாமியாருக்கு டைப் 2. இரண்டு பேரும் இன்சுலின் போடுகிறவர்கள், இரண்டு பேர் கையிலும் சென்சார் உண்டு. எங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்த தொந்தரவுகளையும், தெரிந்தவர்கள் போன் செய்து கேட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் தொந்தரவு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். முதல் பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று. எண்ணின் மேல் சந்தேகம் இருக்கும்போது அதை நம்பி இன்சுலின் போடாதீர்கள். கை நடுங்கி, வியர்த்து, லோ ஆகிற மாதிரி (சர்க்கரை 70-க்குக் கீழே இறங்குகிற மாதிரி) இருந்தால், சென்சார் 140 என்று காட்டினாலும் குத்திப் பாருங்கள். குத்திப் பார்க்க வழியில்லை என்றால் குளுக்கோஸ் எடுத்துக்கொள்ளுங்கள். தேவையில்லாமல் சாப்பிட்ட மூன்று ஸ்பூன் குளுக்கோஸைச் சமாளித்துவிடலாம். தேவையில்லாமல் போட்ட இன்சுலினைத் திரும்ப எடுக்க முடியாது.

இதில் வரும் சர்க்கரை அளவுகள் எல்லாம் மி.கி./டெ.லி. கணக்கு.

## முதலில்: குத்திப் பார்த்த எண் சரியானதா?

சென்சாரைக் குறை சொல்வதற்கு முன்னால் குளுக்கோமீட்டரைச் சந்தேகப்படுங்கள். பாதிக் குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவிட வேண்டும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் மட்டும் போதாது, விரலில் ஒட்டிய பழச்சாறு அதில் முழுதாகப் போகாது. ஒருநாள் மாமியார் மாம்பழம் நறுக்கிவிட்டு, கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு குத்திப் பார்த்தார். மீட்டர் 240 காட்டியது, சென்சார் 121. சோப்புப் போட்டுக் கழுவி வேறு விரலில் குத்தினால் 118. அன்றைக்குச் சரியாக இருந்தது சென்சார்தான்.

கை ஈரமாக இருந்தால் ரத்தத்தில் தண்ணீர் கலந்து எண் குறையும். ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிழிவதும் தவறு. கையைக் கீழே தொங்கப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினால் தானாகவே வரும்.

அடுத்தது ஸ்ட்ரிப், அதாவது மீட்டரில் செருகி ரத்தம் தொடும் பட்டை. டப்பாவின் காலாவதி தேதி தாண்டாமல் இருக்கிறதா, மூடி இறுக்கமாக மூடியிருந்ததா, அடுப்படியிலோ வெயில் படும் ஜன்னலிலோ வைத்திருந்தீர்களா என்று பாருங்கள். ஸ்ட்ரிப்பைக் கெடுப்பது ஈரப்பதம். ஒன்றிரண்டை உருவிப் பர்ஸில் போட்டுக்கொண்டு போகும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். இன்னும் சந்தேகம் தீரவில்லை என்றால் புதிய டப்பாவைப் பிரித்து ஒருமுறை பாருங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் இரண்டு எண்ணும் ஒன்றாகவே இருக்காது. மீட்டருக்கே 100-க்கு மேல் 15 சதவீதம் வரை முன்னே பின்னே போக உலகத் தர விதியில் இடம் இருக்கிறது. நாங்கள் வைத்திருக்கும் கணக்கு எளிது. மீட்டர் 100-க்குக் கீழே என்றால் சென்சார் 20 எண் வரை மாறலாம். 100-க்கு மேல் என்றால் 20 சதவீதம் வரை மாறலாம். மீட்டர் 200 என்றால் சென்சார் 160-க்கும் 240-க்கும் நடுவில் எங்கே இருந்தாலும் அது பழுது இல்லை. அதைத் தாண்டினால் கீழே படியுங்கள்.

## ராத்திரியில் லோ அலாரம் அடிக்கிறது, குத்தினால் 110

முதல் சந்தேகம் படுக்கை மேல். சென்சார் இருக்கும் கையின் மேல் ஒருக்களித்துப் படுத்தால் அந்த இடம் அமுங்கி, எண் பொய்யாக இறங்கும். வரைபடத்தைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம். நேராக ஓடிக்கொண்டிருந்த கோடு கிணற்றுக்குள் விழுந்த மாதிரி சட்டென்று செங்குத்தாக இறங்கி, புரண்டு படுத்த பிறகு அதே வேகத்தில் மேலே வந்திருக்கும். நிஜமான லோ பெரும்பாலும் சரிவாக, நேரம் எடுத்து இறங்கும்.

அலாரம் அடித்தால் எழுப்பி, குத்திப் பாருங்கள். தூங்குகிற குழந்தைக்கும் இதேதான், பாவம் என்று விட்டுவிடாதீர்கள். குத்தினால் 110 வருகிறது, கை அமுங்கியிருந்தது என்றால் திரும்பிப் படுக்க வைத்து 15, 20 நிமிடம் கழித்துச் சென்சாரைப் பாருங்கள், ஏறியிருக்கும். அடுத்த சென்சாரை எந்தப் பக்கம் படுப்பாரோ அதற்கு எதிர்க் கையில் ஒட்டுங்கள். என் மகள் இரண்டு பக்கமும் புரளுவாள். அவளுக்குக் கையின் பின்பக்கத்திலேயே கொஞ்சம் உள்வாட்டமாக, விலாவைப் பார்த்த மாதிரி ஒட்டிய பிறகு பொய் அலாரம் குறைந்தது.

குத்திப் பார்த்தும் 70-க்குக் கீழே என்றால் அது நிஜம். உடனே குளுக்கோஸ் கொடுங்கள். இப்படி ஒரு வாரத்தில் இரண்டாவது தடவை வந்தால் டாக்டரிடம் போக வேண்டியதுதான். ராத்திரி போடும் இன்சுலின் அளவோ, கிளிமிப்பிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரையோ கூடுதலாக இருக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ள வயதானவர்களுக்கு இந்த மாத்திரைகளின் வேகம் நீண்ட நேரம் நிற்கும். அவர்களுக்கு ஒரே ஒரு ராத்திரி லோ வந்தாலும் மறுநாளே சொல்லிவிடுங்கள்.

## புதிதாக ஒட்டிய முதல் நாள் தாறுமாறாகக் காட்டுகிறது

இது பழுது இல்லை, பெரும்பாலும் தானே சரியாகும். தோலுக்கு அடியில் புதிதாக ஒரு மெல்லிய இழை போயிருக்கிறது. அந்த இடம் ஆறி அடங்க நேரம் வேண்டும். ஃப்ரீஸ்டைல் லிப்ரே வகைச் சென்சார், ஒட்டித் தொடங்கி 60 நிமிடத்தில் எண் காட்ட ஆரம்பித்துவிடும். ஆனால் முதல் 24 மணி நேரத்து எண்ணை வைத்து நாங்கள் எந்த முடிவும் எடுப்பதில்லை. அன்றைக்கு மட்டும் சாப்பாட்டுக்கு முன்னும் தூங்கும் முன்னும் குத்திப் பார்த்துத்தான் இன்சுலின்.

லிப்ரே மாதிரி, ஒட்டிய பிறகு நாமாகத் தொடங்கி வைக்கும் வகையாக இருந்தால் ஒரு வழி இருக்கிறது. பழைய சென்சார் முடிவதற்கு முதல் நாள் சாயங்காலமே புதியதை இன்னொரு கையில் ஒட்டிவிடுங்கள், தொடங்காதீர்கள். பழையது முடிந்ததும் புதியதைத் தொடங்கினால் அதற்குள் அந்த இடம் அடங்கியிருக்கும். எங்கள் வீட்டில் இப்போது எல்லாச் சென்சாரும் இப்படித்தான்.

ஒட்டும்போது ஒரு சொட்டு ரத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் கழற்றிவிடுங்கள். ஒட்டிய இடத்தையும் பாருங்கள். தழும்பு, இன்சுலின் போட்டுப் போட்டுக் கட்டியாகிப் போன இடம், மச்சம் இதெல்லாம் ஆகாது. இன்சுலின் போடும் இடத்திலிருந்து குறைந்தது 2.5 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும், சில வகைகளுக்கு இன்னும் தூரம் வேண்டும். கைக்கென்று சொன்ன சென்சாரை வயிற்றில் ஒட்டிவிட்டு எண் சரியில்லை என்று சொல்வதில் நியாயம் இல்லை.

ஒரு நாள் முழுதாகப் போன பிறகும் 20 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தச் சென்சாரே சரியில்லை. கம்பெனிக்குப் போன் செய்யுங்கள்.

## சாப்பிட்ட பிறகும் நடந்த பிறகும் மட்டும் ஒத்துப்போகவில்லை

சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை, தோலுக்கு அடியில் செல்களுக்கு நடுவே இருக்கும் திரவத்தை அளக்கிறது. சர்க்கரை அங்கே வந்து சேர 5 முதல் 15 நிமிடம் பிந்தும். சுகர் வேகமாக ஏறும்போது சென்சார் குறைவாகவும், இறங்கும்போது கூடுதலாகவும் காட்டுவது அதனால்தான்.

சென்சார் எண்ணோடு ஒரு அம்பும் வரும், சுகர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அது காட்டும். ஒப்பிட்டுப் பார்ப்பது என்றால் அந்த அம்பு படுக்கையாக, அதாவது சுகர் நிலையாக இருக்கும்போது மட்டும் பாருங்கள். இட்லி சாப்பிட்டு அரை மணியில், அம்பு நேராக மேலே நிற்கும்போது குத்திப் பார்த்துச் சென்சாரைத் திட்டினால் பயனில்லை. லிப்ரேயில் நேராக மேலே நிற்கும் அம்பு என்றால் நிமிடத்துக்கு 2-க்கு மேல் ஏறுகிறது என்று பொருள். பத்து நிமிடத்தில் 20 எண் வித்தியாசம் அதிலேயே வந்துவிடும். குத்திய எண்ணைக் கொடுத்துச் சரிசெய்துகொள்ளும் வகைச் சென்சார் வைத்திருப்பவர்களும் அம்பு படுத்திருக்கும்போதுதான் கொடுக்க வேண்டும். ஏறும் நேரத்தில் கொடுத்தால் அதன் பிறகு காட்டுவதெல்லாம் தவறாகப் போகும்.

## லோவுக்குக் குளுக்கோஸ் எடுத்தும் சென்சார் ஏறவில்லை

இந்த இடத்தில்தான் எல்லோரும் பதறி இன்னும் இன்னும் சாப்பிடுகிறார்கள், ஒரு மணி நேரம் கழித்து 280-ல் நிற்கிறார்கள். 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு 15 நிமிடம் காத்திருங்கள். அப்புறம் குத்திப் பாருங்கள். சென்சாரைப் பார்க்காதீர்கள், அது பின்னால்தான் வரும். மீட்டரில் 70-ஐத் தாண்டியிருந்தால் உடம்பு சரியாகிவிட்டது, சென்சார் இன்னும் 62 என்று சொன்னாலும் கவலை வேண்டாம்.

மீட்டரிலும் ஏறவில்லை என்றால் இன்னொரு மூன்று ஸ்பூன். இங்கே மாத்திரைச் சீட்டை ஒருமுறை பாருங்கள். வோக்ளிபோஸ் அல்லது அகார்போஸ் சாப்பிடுகிறவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை, மிட்டாய், சர்க்கரை போட்ட காபி இதெல்லாம் சீக்கிரம் வேலை செய்யாது. சர்க்கரை உடைந்து ரத்தத்தில் சேருவதையே அந்த மாத்திரை தாமதப்படுத்துகிறது. அவர்களுக்குக் குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். நம் ஊரில் வோக்ளிபோஸ் சேர்ந்த கூட்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர், இதை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருப்பதில்லை. அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டு தடவை கொடுத்தும் 70-ஐத் தாண்டவில்லை, பேச்சு குழறுகிறது, தூங்கித் தூங்கி விழுகிறார் என்றால் 108. மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வீட்டில் குளுக்ககான் ஊசி (சர்க்கரையை ஏற்றும் அவசர ஊசி) இருந்தால் போடுங்கள்.

## நாள் முழுக்க ஒரே பக்கமாகக் கூட்டியோ குறைத்தோ காட்டுகிறது

அம்பு படுத்திருக்கும் நேரமாகப் பார்த்து, ஒரே நாளில் மூன்று வேளை குத்தி எழுதி வையுங்கள். மூன்றிலும் வித்தியாசம் ஒரே பக்கம் என்றால் இந்த வரிசையில் போங்கள்.

எண்ணின் அலகு. சிங்கப்பூர், மலேசியா, லண்டனில் இருக்கும் சொந்தக்காரர்கள் அனுப்பிய ரீடர் என்றால் அது மில்லிமோல் கணக்கில் காட்டலாம். 18-ஆல் பெருக்கினால் நம் கணக்கு வரும். 7 என்றால் 126, லோ இல்லை.

அப்புறம் மருந்து. வைட்டமின் சி மாத்திரை நாளுக்கு 500 மி.கி.க்கு மேல் போனால் லிப்ரே வகை பொய்யாகக் கூட்டிக் காட்டலாம். சளிக்கு என்று தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் மாத்திரை சிலவற்றில் ஒன்றிலேயே 1000 மி.கி. இருக்கும். மெட்ரானிக் கார்டியன் வகைக்குப் பாராசிட்டமால் ஆகாது, காய்ச்சல் மாத்திரை போட்ட சில மணி நேரம் எண் பொய்யாக ஏறும். டெக்ஸ்காம் வகைச் சென்சாருக்கு ஹைட்ராக்ஸியூரியா என்ற மருந்து ஆகாது, அதுவும் எண்ணைப் பொய்யாகக் கூட்டும். எந்தச் சென்சாருக்கு எது என்பது பெட்டிக்குள் இருக்கும் தாளில் எழுதியிருக்கும். வைட்டமின் சியை நாமே நிறுத்திப் பார்க்கலாம். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை நிறுத்தாதீர்கள், அந்த நாட்களில் விரல் எண்ணை நம்புங்கள்.

ரத்தசோகை இருந்தால் தவறு மீட்டர் பக்கம் இருக்கலாம். சிவப்பணு குறைந்தவர்களுக்கு ஸ்ட்ரிப் கூட்டிக் காட்டும். வயிற்று வழி டயாலிசிஸ் செய்கிறவர்கள் ஐகோடெக்ஸ்ட்ரின் திரவம் பயன்படுத்தினால் சில வகை ஸ்ட்ரிப் ஆபத்தான அளவுக்குக் கூட்டிக் காட்டும். எந்த மீட்டர் ஏற்றது என்று டயாலிசிஸ் யூனிட்டில் கேட்காமல் பயன்படுத்த வேண்டாம். தண்ணீர் குடிக்காமல் உடம்பு வற்றிப் போயிருந்தாலும் சென்சார், மீட்டர் இரண்டுமே தடுமாறும்.

இவை எதுவும் இல்லை என்றால் சென்சாரே பழுது. பெட்டியின் வரிசை எண்ணையும் லாட் எண்ணையும் கம்பெனியின் பாதுகாப்பு அறிவிப்போடு ஒப்பிடுங்கள். லிப்ரே 3 வகையில் சில சென்சார்கள் பொய்யாகக் கூட்டிக் காட்டுவதாக 2024 ஜூலையிலும், லிப்ரே 3, லிப்ரே 3 பிளஸ் சிலவற்றில் பொய்யாகக் குறைத்துக் காட்டுவதாக 2025 நவம்பரிலும் தயாரிப்பாளரே அறிவித்தார்கள். வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்தவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள்.

## எண்ணே வரவில்லை, அல்லது கோடு நடுவில் அறுந்திருக்கிறது

போனில் ப்ளூடூத் அணைந்திருக்கும், அல்லது பேட்டரி சேமிப்பு ஆப்பை நிறுத்தியிருக்கும். தானாக அனுப்பும் வகை என்றால், வகையைப் பொறுத்து, போன் சுமார் 6 முதல் 10 மீட்டருக்குள் இருக்க வேண்டும். மொட்டை மாடியில் துணி காயப் போடும்போது போன் கீழே இருந்தால் கோடு அறுபடும். தொட்டுப் பார்க்கும் பழைய லிப்ரே 8 மணி நேரத்தை மட்டுமே நினைவில் வைக்கும். ராத்திரி பத்துக்குத் தொட்டுவிட்டுக் காலை எட்டுக்குத் தொட்டால் நடுவில் இரண்டு மணி நேரம் காணாமல் போகும், அது திரும்ப வராது.

சூடாகிவிட்டது என்று செய்தி வந்தால் நிழலுக்கு வந்து பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். சித்திரை வெயிலில் வண்டி ஓட்டி வந்தால் இது சாதாரணம். வேறு நாட்டில் வாங்கிய சென்சாரை நம் ஊர் ஆப் ஏற்காமலும் போகலாம். வாங்குவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

## ஒரு வாரம் நன்றாக இருந்தது, இப்போது எண் அலைகிறது

ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள், தூக்கியிருக்கும். இழை கொஞ்சம் வெளியே வந்தாலே எண் கெடும். வேர்வை ஒரு காரணம், எண்ணெய்க் குளியல் இன்னொன்று. சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்தால் தோளோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லி மாமியாரிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது. ஓரம் மட்டும் தூக்கியிருந்தால் சுற்றிலும் மருத்துவ டேப் ஒட்டலாம். லிப்ரேயின் நடுவில் இருக்கும் சின்ன ஓட்டையை மட்டும் மூடாதீர்கள். முழுதாகத் தூக்கிவிட்டால் அமுக்கி ஒட்டுவதில் அர்த்தம் இல்லை, அது முடிந்தது.

அடுத்த தடவை ஒட்டும் முன்பு முடியை மழித்து, எண்ணெய்ப் பசையில்லாத சாதாரணச் சோப்பால் கழுவி, ஸ்பிரிட் போட்டு, அது முழுதாகக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். பவுடர், கிரீம் கூடாது. அந்த இடம் சிவந்து, வீங்கி, சீழ் வைத்தால் உடனே கழற்றிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

## லேப் ரிப்போர்ட்டோடு ஒத்துப்போகவில்லை

ரத்தம் எடுத்த நிமிடத்தில் சென்சார் என்ன காட்டியது என்று குறித்துக்கொள்ளாமல் ஒப்பிடாதீர்கள். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப் போகிறார்கள் என்றால், அந்தக் குழாய் லேபுக்குப் போகும்வரை ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். சாம்பல் மூடி போட்ட குழாயில் எடுத்தால் இந்த இழப்பு குறையும், ஆனால் முதல் ஒரு மணி நேர இழப்பை அதுவும் முழுதாகத் தடுக்காது.

மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி வேறு, சென்சார் சராசரியிலிருந்து ஆப் கணக்கிட்டுக் காட்டும் ஜிஎம்ஐ வேறு. சராசரி 154 என்றால் ஜிஎம்ஐ 7 வரும், அதுவும் 14 நாளில் 70 சதவீதமாவது பதிவு இருந்தால்தான் நம்பலாம். இரும்புச்சத்துக் குறைவு எச்பிஏ1சியைக் கூட்டும். ரத்த இழப்பும், சிவப்பணு சீக்கிரம் அழியும் நோய்களும் அதைக் குறைக்கும். இரண்டுக்கும் 0.5-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சென்சார் மேல் தப்பு இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

## எண் நன்றாக இருக்கிறது, உடம்பு சரியில்லை

இங்கே பரிசோதனை எதுவும் வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் சாப்பிடுகிறவர்களுக்குச் சுகர் 180, 200 என்று சுமாராக இருக்கும்போதே ரத்தத்தில் கீட்டோன் (கொழுப்பு உடையும்போது வரும் அமிலப் பொருள்) ஏறலாம். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குவது, அசதி இருந்தால் மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டுபோய் "கீட்டோன் பாருங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். டைப் 1 குழந்தைக்கு வாந்தியோடு 250-க்கு மேல் நின்றால், குத்திப் பார்த்து உறுதி செய்துகொண்டு, கீட்டோன் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். கீட்டோன் ஸ்ட்ரிப் வீட்டில் இல்லை என்றால் காத்திருக்காமல் கிளம்புங்கள். கர்ப்பிணிகளும் இதே மாதிரிதான், எண்ணை வைத்து வீட்டில் விவாதிக்கக் கூடாது.

## சென்சாரை மாற்றித் தரச் சொல்லும்போது

ஒரு சென்சார் சில ஆயிரம் ரூபாய். அதனால் தூக்கிப் போடுவதற்கு முன்னால் போன் செய்யுங்கள். பெட்டியை அந்தச் சென்சார் முடியும்வரை வைத்திருங்கள், வரிசை எண் அதில்தான் இருக்கிறது. மீட்டர் எண்ணும் சென்சார் எண்ணும் ஒரே படத்தில் விழுகிற மாதிரி, நேரத்தோடு, இரண்டு மூன்று போட்டோ எடுத்து வையுங்கள். எந்த நாள் ஒட்டினீர்கள், அப்போது அம்பு எப்படி இருந்தது, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார்கள். கழற்றிய சென்சாரைத் திருப்பி அனுப்பச் சொல்லலாம், அதனால் ஒரு கவரில் போட்டு வையுங்கள். மாற்றுச் சென்சார் வந்து சேரும்வரை விரல்தான். ஸ்ட்ரிப் டப்பாவில் எவ்வளவு மீதி இருக்கிறது என்று அன்றைக்கே பார்த்துக்கொள்ளுங்கள்.